பரிந்துரையோடு வழியையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பதிப்பில் வாராவாரம் வரும் சிந்தனைப் பத்தி நிற்காமல் தொடர வேண்டும் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள். அந்த வாரத்தில் மனத்தில் பட்டதை எழுதி, கூடவே பார்க்க ஒன்று, படிக்க ஒரு வலைப்பூ, கேட்க ஒரு வலையொலி (பாட்காஸ்ட்) என்று சொல்லும் பக்கம் தமிழ் நாளிதழில் வருவது நல்ல காரியம். சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். வெட்டி வைத்ததில் எத்தனை கடைசியில் காதுக்கு வந்து சேருகிறது என்பதில்தான் எங்களுக்குக் கவலை. பெயரைப் போட்டு, "அருமையான நிகழ்ச்சி, தவறாமல் கேளுங்கள்" என்று முடித்துவிட்டால், மருந்தின் பெயரை எழுதிவிட்டு வேளையும் அளவும் எழுதாத சீட்டுப்போல் ஆகிவிடுகிறது.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். ஒரே பத்தியில் எட்டு, பத்துப் பெயர்களை அடுக்க வேண்டாம். மூன்று போதும். அந்த மூன்றுக்கும் எத்தனை நிமிடம், எத்தனை எம்பி, எந்தச் செயலியில், எந்தப் பெயரில் தேடினால் கிடைக்கும், வீட்டில் யார் யார் கேட்கலாம் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

நிமிடத்திலிருந்து தொடங்குவோம். கேட்பவருக்கு நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கை ஓயாது, காது சும்மா இருக்கும். ஈப்போவுக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் அரை மணி, முக்கால் மணி. சமையற்கட்டில் ரசம் கொதிப்பதற்குள் இருபது நிமிடம். முப்பத்தைந்து நிமிட நிகழ்ச்சி என்று முன்பே தெரிந்தால் அதற்குரிய இடத்தில் பொருத்திக்கொள்வார்கள். ஒன்றே முக்கால் மணி நேரப் பேட்டி என்று தெரியாமல் தொடங்கியவர் பாதியில் விட்டுவிட்டால் திரும்ப அந்தப் பக்கமே போகமாட்டார். நீளமான பேட்டியைப் பரிந்துரைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. "இதை இரண்டு நாளாகப் பிரித்துக் கேட்கலாம், முதல் பாதி இளமைக்காலம், இரண்டாம் பாதி தொழில்" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அடுத்தது எம்பி. முன்கட்டணச் சிம் வைத்திருப்பவருக்கு இது பணக் கணக்கு. பேச்சு மட்டும் உள்ள வலையொலி பலவும் நொடிக்கு 64 கிலோபிட் என்ற அளவில், மோனோவாக (இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஒலியாக) வெளிவருகிறது. எட்டுப் பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு 8 கிலோபைட், ஒரு மணிக்கு 3,600 நொடி, ஆக 28.8 எம்பி. இசையும் பின்னணி ஓசையும் சேர்ந்து 128 கிலோபிட்டில் வருவதென்றால் மணிக்கு 57.6 எம்பி. தினம் அரை மணி வீதம் வாரம் முழுக்கக் கேட்டாலும் முதல் வகையில் 100 எம்பியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதே பேச்சை யூடியூப்பில் படத்தோடு ஓட விட்டால், படத்தரத்தை 360க்குக் குறைத்தாலும் மணிக்குச் சில நூறு எம்பி போய்விடும். முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத உரையாடலுக்கு அந்தச் செலவு வீண். போதாததற்கு, யூடியூப்பில் மாதக் கட்டணம் செலுத்தாதவர் திரையை அணைத்தால் ஒலியும் நின்றுவிடும். திரை எரிந்துகொண்டே இருந்தால் பேட்டரி கரையும், சட்டைப் பையில் கைப்பேசி சூடேறும். ஒரே நிகழ்ச்சி இரண்டு இடத்திலும் கிடைக்கும்போது, ஒலி மட்டும் உள்ள இடத்தையே பத்தியில் முதலில் சொல்ல வேண்டும்.

எந்தச் செயலி என்ற கேள்வியில் பரிந்துரைப்பவர்கள் தாங்கள் பயன்படுத்துவதையே எல்லாரும் பயன்படுத்துவதாக எண்ணிவிடுகிறார்கள். கூகல் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டது. அதை இன்னும் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, "ஏன் ஒன்றுமே வரவில்லை" என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு ஆன்டெனாபாட் என்ற செயலி இருக்கிறது. இலவசம், விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்க மின்னஞ்சலும் கேட்காது. ஸ்பாட்டிஃபையில் பணம் கட்டாதவரும் வலையொலியை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தோடு இணைக்காவிட்டால் இறக்கியது ஓடாது. சில நிகழ்ச்சிகள் ஸ்பாட்டிஃபையில் மட்டும் இருக்கும்; மற்றச் செயலிகளில் எவ்வளவு தேடினாலும் அகப்படாது. "ஸ்பாட்டிஃபையில் மட்டும்" என்று இரண்டு சொல் சேர்த்தால் ஒரு வாசகரின் அரை மணி நேரத் தேடல் மிச்சம்.

இறக்கி வைத்துக் கேட்பதே எங்கள் பக்கத்துக்கு ஏற்றது. செம்பனைக் காட்டுக்குள்ளும் மேட்டுக்குப் பின்னாலும் அலைவரிசை ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடிக்கொண்டிருக்கும். நீர் நிறைந்த இலைகள் அலையை உறிஞ்சிக்கொள்கின்றன. நேரலையாக ஓடும் ஒலி ஒவ்வொரு நிமிடமும் நின்று சுழலும். முதல் நாள் இரவு வீட்டு வைஃபையிலோ, வட்டாரத்தில் உள்ள சமூக இணைய மையத்திலோ இறக்கி வைத்துவிட்டால் மறுநாள் காட்டுக்குள் இணையமே வேண்டாம். செயலியின் அமைப்பில், மொபைல் டேட்டாவில் இறக்குவதைத் தடுத்து வைஃபையில் மட்டும் என்று வைக்க வேண்டும். கேட்டு முடித்தது தானாக அழிய வேண்டும் என்பதையும் அங்கேயே போட்டுவிடலாம். இல்லாவிட்டால் 32 ஜிபி கைப்பேசியில் புலனத்து (வாட்ஸ்அப்) படங்களோடு இவையும் சேர்ந்து இடம் நிரம்பி, புதியது இறங்காமல் நிற்கும்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. எல்லாம் சரியாக இறங்கியிருக்கும், பத்து நிமிடம் ஓடிவிட்டுச் சத்தம் திடீரென நின்றுவிடும். நிகழ்ச்சியில் கோளாறு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கோளாறு அங்கே இல்லை. சில நிறுவனங்களின் கைப்பேசிகள், பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகத் திரை அணைந்ததும் பின்னால் ஓடும் செயலிகளை மூடிவிடுகின்றன. அமைப்பில் செயலிகள் என்ற பகுதிக்குப் போய், அந்தச் செயலியைத் தொட்டு, பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றினால் நின்று போகாது. இதை ஒரு வாரம் பத்தியின் அடியில் பெட்டி கட்டிப் போட்டால், அதற்கு முன் வந்த பரிந்துரைகளுக்கும் உயிர் வரும்.

ஒற்றைக் காது விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மரத்தடியில் நிற்பவர் இரண்டு காதையும் அடைக்கக் கூடாது. பன்றியோ பாம்போ சருகில் நகரும் சத்தமும், பின்னால் வரும் மோட்டார் சைக்கிளும் காதில் விழ வேண்டும். செம்பனைக் குலை வெட்டும் நேரத்திலோ இயர்போனே கூடாது. மட்டையும் இருபது கிலோ குலையும் மேலிருந்து விழும் வேலையில், கூட நிற்பவர் கத்துவதுதான் காப்பு. பால்வெட்டும்போது, நடக்கும்போது, வீட்டு வேலையின்போது ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்கலாம். அப்படிக் கேட்பவருக்குச் சில பேட்டிகளில் கேள்வி மட்டும் கேட்கும், பதில் கேட்காது. ஸ்டீரியோவாகப் பதிந்து, ஒருவர் குரலை இடப்பக்கமும் இன்னொருவர் குரலை வலப்பக்கமும் தள்ளி வைத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு அமைப்பில் அணுகல்தன்மை என்ற பகுதியில் மோனோ ஒலி என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து ஒரே காதில் வரும். ஐபோனிலும் இதே பகுதியில் உண்டு.

இதோடு சேர்த்து, பரிந்துரைக்கும் நிகழ்ச்சியின் ஒலித்தரத்தைப் பற்றியும் பத்தியாளர் ஒரு சொல் சொல்ல வேண்டும். தொடக்க இசை காதைப் பிளக்கும், பேச்சு வந்ததும் முணுமுணுப்பாக இறங்கும் என்ற ரகம் தமிழில் நிறைய. அமைதியான அறையில் இரண்டு காதிலும் வைத்துக் கேட்டவர் அதைக் கவனித்திருக்கமாட்டார். பத்தியாளர் எழுதுமுன் ஐந்து நிமிடமாவது கைப்பேசியின் ஒலிபெருக்கியில், மின்விசிறி ஓடும் அறையில் போட்டுப் பார்க்கட்டும். அங்கே புரிந்தால் சமையற்கட்டிலும் புரியும்.

"பன்னிரண்டாம் நிமிடத்திலிருந்து கேளுங்கள்" என்று எழுதுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அது பொய்த்துப்போவது உண்டு. பெரிய நிறுவனங்கள் வெளியிடும் வலையொலியில் விளம்பரங்கள் பதிவிலேயே இருப்பதில்லை. ஒருவர் இறக்கும் நேரத்தில், அவர் இருக்கும் நாட்டுக்கு ஏற்ப உள்ளே செருகப்படுகின்றன. கோலாலம்பூரில் சென்ற மாதம் இறக்கியவருக்குப் பன்னிரண்டாம் நிமிடத்தில் வந்த பேச்சு, இன்று இறக்குபவருக்குப் பதின்மூன்றரையில் வரலாம். ஆகவே நிமிடத்தோடு அடையாளமும் தர வேண்டும். "பாட்டி ஊருக்குக் கடிதம் எழுதிய கதை தொடங்கும் இடம்" என்று எழுதினால் முன்னே பின்னே தள்ளிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

பெயரைத் தேடுவதில் உள்ள சிக்கல் இன்னும் பெரிது. தமிழ் நிகழ்ச்சிகள் பலவற்றின் பெயர் செயலியில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது. 'கதை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள எழுத்துக்கு ஒருவர் th போடுவார். ஒருவர் dh போடுவார். ஒருவர் h இல்லாமல் ஒற்றை எழுத்தோடு நிறுத்துவார். 'ழ'வுக்கு இசட் எச், எல் எச், வெறும் எல் என்று மூன்று வழி. நாளிதழ் அழகாகத் தமிழில் அச்சிட்ட பெயரை வாசகர் தட்டினால், செயலி "எதுவும் இல்லை" என்று சொல்லிவிடும். செயலியில் எந்த எழுத்துக்கூட்டில் இருக்கிறதோ அதை அப்படியே, இடைவெளிகூடத் தவறாமல் அச்சிடுங்கள். தமிழ் எழுத்திலேயே பெயர் உள்ள நிகழ்ச்சி என்றால் அதையும் குறிப்பிடுங்கள். செல்லினம் போன்ற விசைப்பலகை வைத்திருப்பவர்கள் தமிழிலேயே தட்டிக்கொள்வார்கள். படைப்பாளர் பெயரும் வேண்டும். ஒரே தலைப்பில் நான்கு நிகழ்ச்சிகள் இருப்பது சகஜம்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து கியூஆர் குறியீடு என்று உங்கள் வடிவமைப்பாளர் சொல்லலாம். நல்ல மருந்துதான், ஆனால் செய்தித்தாளில் அது பல தடவை வேலை செய்வதில்லை. அதன் காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுத விரும்புகிறோம், ஏனெனில் இது அச்சகத்தில் சரிசெய்யக்கூடியது.

முகவரி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குக் குறியீட்டில் கட்டங்கள் கூடும். 26 எழுத்துக்குள் அடங்கும் முகவரி, நடுத்தரப் பிழைதிருத்தத்தோடு (கொஞ்சம் அழிந்தாலும் படிக்கக்கூடியபடி), நீளத்திலும் அகலத்திலும் 25 கட்டம் உள்ள குறியீட்டில் அடங்கிவிடும். 120 எழுத்து முகவரிக்கு 45 கட்டம் வேண்டும். இரண்டையும் 2 சென்டிமீட்டர் சதுரத்தில் அச்சிட்டால் முதலாவதில் ஒரு கட்டம் 0.8 மில்லிமீட்டர், இரண்டாவதில் அரை மில்லிமீட்டரும் இல்லை. செய்தித்தாள் மையை உறிஞ்சிப் பரப்பும் தாள். அந்த அளவில் கறுப்புக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கேமரா திணறும்.

தமிழ் வலைப்பூக்களுக்கு இது இன்னும் கடுமை. முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால், நகலெடுக்கும்போது ஒவ்வொரு குறியும், விழுக்காட்டுக் குறியும் (%) ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒன்பது எழுத்தாக விரியும். 'மின்னல்' என்ற சின்னச் சொல்லைப் பாருங்கள். கணினிக்கு அது ம, இகரக் குறி, ன, புள்ளி, ன, ல, புள்ளி என ஏழு குறி. ஏழு ஒன்பது அறுபத்து மூன்று எழுத்து, ஒரே சொல்லுக்கு! ஐந்து சொல் தலைப்புள்ள பதிவின் முகவரியை அப்படியே குறியீடாக்கினால் அது எறும்புப் புற்றுப்போல்தான் இருக்கும். நாளிதழின் சொந்தத் தளத்திலேயே சுருக்கமான முகவரி ஒன்றை உண்டாக்கி, அதை உரிய இடத்துக்குத் திருப்பிவிடுவதே சரியான வழி. பதிவு இடம் மாறினால் பின்னால் திருத்தவும் முடியும். இணையத்தில் இலவசமாகக் குறியீடு செய்துதரும் தளங்களில் கவனம் தேவை. அவற்றில் சில, குறியீட்டைத் தங்கள் தளம் வழியாகச் சுற்றிப் போக வைக்கும். சோதனைக் காலம் முடிந்ததும் கட்டணம் கேட்டு வழியை அடைத்துவிடும். வெட்டி வைத்த பக்கம் இரண்டு மாதத்தில் செத்துப்போகும்.

அச்சில் கவனிக்க வேண்டியவை நான்கு வண்ணப் பக்கத்தில்தான் அதிகம். குறியீட்டைக் கறுப்பு மையில் மட்டும் அச்சிட வேண்டும். நான்கு மையும் சேர்ந்த கறுப்பில் போட்டால், தகடு ஒரு மயிரிழை விலகினாலும் ஓரங்களில் சிவப்பும் நீலமும் தெரியும். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் விட வேண்டும். அழகுக்காகக் கோடு கட்டி நெருக்கக் கூடாது. வண்ணப் பின்னணி வேண்டாம். தாள் மடியும் இடத்தில் வைக்கவே வேண்டாம். குறியீட்டின் கீழே அந்தச் சுருக்க முகவரியை எழுத்திலும் போட வேண்டும், ஏனென்றால் மின்னிதழாகக் கைப்பேசியிலேயே படிப்பவர் தம் திரையைத் தாமே எப்படிப் படம் பிடிப்பார்? அவருக்கு மின்னிதழில் தொட்டால் திறக்கும் இணைப்பு வேண்டும். அதுவும் இல்லாதபோது திரைப்பிடிப்பு எடுத்து கூகல் லென்ஸில் திறந்தால் குறியீடு படிக்கப்படும். பலருக்கு இது தெரியாது.

வலைப்பூவுக்கு வருவோம். தமிழ்மணம் போன்ற திரட்டிகள் 2004 முதல் புதிய பதிவுகளை ஒரே பக்கத்தில் கொண்டுவந்து கொடுத்த காலத்தில், யாரும் யாரையும் தேடி அலையவில்லை. 2013 ஜூலையில் கூகல் ரீடர் மூடப்பட்ட பிறகு ஓடை (புதிய பதிவுகளைத் தானாகக் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ்) வழியாகப் படிக்கும் பழக்கமும் தேய்ந்தது. ஓடைகள் போய்விடவில்லை. பிளாக்ஸ்பாட்டிலும் வேர்ட்பிரஸிலும் உள்ள வலைப்பூக்களுக்கு இன்றும் ஓடை உண்டு. ஃபீட்லி, ஃபீடர் போன்ற செயலியில் வலைப்பூவின் முகவரியை ஒட்டினால் ஓடையை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்; புதிய பதிவு வந்தால் தானாக வரும். பத்தியாளர் ஒரு பதிவை மட்டும் சுட்டாமல், வலைப்பூவின் முகப்பு முகவரியையும், கடைசியாகப் பதிவு வந்த மாதத்தையும் எழுதினால், உயிரோடு இருக்கும் வலைப்பூவா, நின்றுபோன வலைப்பூவா என்பது தெரியும். நின்றுபோனதைப் பரிந்துரைப்பதில் தவறில்லை. பழைய பதிவுகள் சிலவற்றின் அருமை இன்றும் குறையவில்லை. ஆனால் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் இருப்பவை இன்று கிறுக்கலாகத் தெரியும். அவற்றை எழுத்துரு மாற்றியில் இட்டால்தான் படிக்க முடியும் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கண் மங்கியவர்களுக்கு வலைப்பூவையும் காதால் கேட்க வழி உண்டு. ஆண்ட்ராய்டு அமைப்பில் அணுகல்தன்மைப் பகுதியில், தேர்ந்தெடுத்ததைப் படித்துக் காட்டும் வசதி இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் திரையில் உள்ள பத்தியைத் தொட்டதும் கைப்பேசி வாசிக்கும். முதல் தடவை பெரும்பாலும் ஏமாற்றம்தான்: குரல் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ் எழுத்தை விட்டுவிட்டு நடுவில் உள்ள எண்களை மட்டும் படிக்கும், அல்லது ஒன்றுமே பேசாது. எழுத்திலிருந்து பேச்சு என்ற அமைப்பில் மொழியைத் தமிழாக மாற்றி, தமிழ்க் குரலை வைஃபையில் ஒரு முறை இறக்கிக்கொள்ள வேண்டும். வேகத்தைச் சற்றுக் குறைத்தால் முதியவர்களுக்குப் புரியும். 1998 முதல் பழந்தமிழ் நூல்களையும் பிற்கால நூல்களையும் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் உரைநடை நூல்களையும் இப்படியே வாசிக்க வைக்கலாம். செய்யுளுக்கு இது சரிவராது. சீர் பிரியும் இடம் அதற்குத் தெரியாது.

வீட்டில் பெரியவர்கள் கையில் திறன்பேசி இல்லாவிட்டால்? 2021 டிசம்பர் 31க்குப் பிறகு மலேசியாவில் 3ஜி இல்லை. பழைய 3ஜி கைப்பேசி இன்று பேச மட்டுமே உதவும். அவர்களிடம் பெரும்பாலும் பென்டிரைவ் செருகும் சின்ன வானொலிப்பெட்டி இருக்கும். ஆன்டெனாபாட்டில் இறக்கிய நிகழ்ச்சியைப் பகிர் என்பதைத் தொட்டு, ஒலிக்கோப்பாகவே வெளியே எடுக்கலாம். கைப்பேசியில் பென்டிரைவைச் செருக உதவும் ஓடிஜி இணைப்பான் வழியாக பென்டிரைவுக்கு மாற்றிவிட்டால் பெட்டி பாடும். பாடாவிட்டால் காரணம் இரண்டில் ஒன்று. கோப்பு எம்4ஏ வகையாக இருக்கும். இந்தப் பெட்டிகள் பலவும் எம்பி3 மட்டுமே படிக்கும். அல்லது பென்டிரைவ் ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்காது. 32 ஜிபிக்கு மேற்படாத பென்டிரைவ் வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு. வரிசை மாறி ஓடினால் கோப்புப் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டு, அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டும். வீட்டுப் பெரியவருக்குச் செய்துகொடுப்பதற்குத்தான் இது. ஒருவர் உழைப்பை நகலெடுத்து ஊருக்கெல்லாம் விநியோகிப்பதற்கு அன்று.

வானொலியையும் பத்தி மறக்கக் கூடாது. பிபிசியின் தமிழோசை 2017 ஏப்ரல் 30உடன் சிற்றலையில் நின்ற பிறகும், ஒரு நேரம் வைத்து வானொலிப்பெட்டி முன் உட்காரும் பழக்கம் பெரியவர்களிடம் மறையவில்லை. அரசாங்கத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்மில் அந்த வாரம் கேட்க வேண்டிய நிகழ்ச்சிக்கு நாளும் மணியும் கொடுத்தாலே போதும். எஃப்எம் சரியாக எடுக்காத வீடுகளில், 2019இல் அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு நின்றபோது வாங்கிய மைஃப்ரீவியூ பெட்டியிலேயே அரசாங்க ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் வானொலிகள் வரும். இணையமும் வேண்டாம், காசும் வேண்டாம்.

திரைப்படத்துக்குப் பத்தியில் இடம் குறைத்தாலும் குறையில்லை. அது எங்கள் ஊரில் யார் சொல்லாமலும் தெரிந்துவிடும்.

சிந்தனைப் பகுதியைப் பற்றி ஒன்று. வாரச் சிந்தனை ஒரு பக்கமும் பரிந்துரை ஒரு பக்கமுமாக ஒட்டாமல் நிற்கும் வாரங்களில் பத்தி சோர்ந்துவிடுகிறது. இந்த வாரம் ஏன் இதைக் கேட்க வேண்டும் என்பதற்குக் காரணம் சிந்தனையிலிருந்தே வர வேண்டும். ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்வோம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்த நாளை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, தோட்டத் தமிழர் வாழ்வைப் பற்றிய பதிவு ஒன்றைக் காட்டினால் வீட்டில் மூன்று தலைமுறையும் கூடி உட்கார்ந்து கேட்கும்.

அதற்கு ஏற்ற ஒன்றை நாங்களே சொல்கிறோம். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் 1979 முதல் பொதுமக்களின் நினைவுகளைப் பதிவு செய்து வருகிறது. அவற்றில் தமிழில் பேசிய பேட்டிகளும் உண்டு. ஜப்பானியர் காலம், வேலை தேடி வந்த பயணம், தொழிற்சங்கம், கோயில், பள்ளிக்கூடம் என்று பலவும் பேசுகிறார்கள். ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப் போன காலத்தை நூலில் படிப்பது ஒன்று. அந்தக் காலத்தில் வாழ்ந்தவர் சொல் தடுமாறி, நிறுத்தி, மறுபடி தொடங்கும் குரலில் கேட்பது வேறு. நீண்ட பேட்டிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வலையொலிச் செயலிக்குள் இது வராது. காப்பகத்தின் இணையத்தளத்தில், உலாவி வழியாகத்தான் கேட்க வேண்டும், ஆகவே வைஃபை உள்ள இடத்தில் உட்கார்ந்து கேட்பது நல்லது. பேட்டிச் சுருக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். சில பேட்டிகளுக்கு முன் அனுமதி தேவை. தளத்திலேயே அந்தக் குறிப்பு இருக்கும். முதல் பகுதி பெரும்பாலும் பிறப்பு, குடும்பம் என்று மெதுவாகப் போகும். பொறுமையில்லாத இளையவர்களை இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்கச் சொல்லலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை பக்கம் அச்சுக்குப் போகுமுன், அலுவலகத்தில் யாராவது ஒருவர் விலை குறைந்த கைப்பேசி ஒன்றை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, வழவழப்பான தாளில் அல்லாமல் செய்தித்தாளிலேயே எடுத்த மாதிரிப் படியில் உள்ள குறியீட்டை இருபது சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பிடித்துப் பார்க்கட்டும். திறந்து, இறங்கி, ஒலி வரும் வரை பார்க்கட்டும். தவறிப்போனால் அடுத்த ஞாயிறு பத்தியின் தலைப்பிலேயே திருத்தத்தைப் போடுங்கள். அடியில் போட்டால் வெட்டும்போது போய்விடும்.

இப்படிக்கு,
வலையொலி கேட்கும் வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.